மூன்றாம் துளையில் நான்கு ஸ்வரம்: மவுத் ஆர்கனோடு ஐந்து மாதம்

இத்தாலிய ப்ளூஸ் மவுத் ஆர்கன் கலைஞர் ஃபாபியோ ட்ரெவேஸ் வாசித்ததைக் கேட்ட அன்று ராத்திரியே அலமாரியில் கிடந்த மவுத் ஆர்கனை எடுத்து ஊத ஆரம்பித்துவிட்டேன். ஆனால் அது ப்ளூஸ் வாசிக்க ஆகாத வகை. நம் ஊரில் பல வீடுகளில் இருக்கும் ட்ரெமோலோ, மேலும் கீழுமாக இரண்டு வரிசைத் துளை. ஒரு ஸ்வரத்துக்கு இரண்டு ரீட் (காற்று பட்டு அதிர்ந்து ஒலிக்கும் சின்ன உலோகத் தகடு), ஒன்றுக்கொன்று சுருதி கொஞ்சம் விலகியிருக்கும். அந்த விலகலில்தான் அதன் நடுங்கும் இனிமை இருக்கிறது. சினிமாப் பாட்டுக்கு அருமையாக இருக்கும். ப்ளூஸில் கேட்கிற அந்தக் குழைவு மட்டும் வராது. அதற்கு ஊதும்போது ஒலிக்கும் ரீடும் காற்றை உள்ளே இழுக்கும்போது ஒலிக்கும் ரீடும் ஒரே அறைக்குள் இருக்க வேண்டும். ட்ரெமோலோவில் ஒவ்வொரு ரீடுக்கும் தனி அறை. இரண்டு வாரம் மூச்சைப் பிடித்து இழுத்துப் பார்த்த பிறகுதான் இது தெரிந்தது. அப்படி இரண்டு ரீடும் ஒரே அறையில் இருக்கும் டயடோனிக் வகையில், 10 துளை, 20 ரீட் உள்ள ஒன்றை சி ஸ்கேலில் வாங்கினேன்.

ட்ரெவேஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1949இல் மிலான் நகரத்தில் பிறந்தவர். ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'லாம்ப்ராத்தேயின் பூமா'. லாம்ப்ராத்தே என்பது மிலானின் கிழக்குப் பகுதி. நம் அப்பாக்கள் ஓட்டிய லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர் அங்கே இருந்த தொழிற்சாலையில் பிறந்ததுதான், பெயரும் அந்த இடத்தை ஒட்டி வந்ததுதான். 1974இல் ட்ரெவேஸ் ப்ளூஸ் பேண்ட் என்று ஒரு குழுவைத் தொடங்கினார். அரை நூற்றாண்டு ஆகியும் அதே குழு, அதே பெயர். 1988இல் அமெரிக்க ராக் இசைக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பா இத்தாலிக்கு வந்தபோது அவரோடு மேடையேறி வாசித்தார். 2016இல் ரோமின் சிர்க்கோ மாஸ்ஸிமோ மைதானத்தில் அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் கச்சேரிக்கு முன்னால் வாசித்ததும் இவர் குழுதான். மிசிசிப்பியிலும் சிகாகோவிலும் கறுப்பின மக்கள் வளர்த்த இசையை மிலானில் பிறந்த ஒருவர் வாழ்நாள் முழுக்க விடாமல் வாசிக்கிறார். ப்ளூஸ் கற்றுக்கொள்ள நமக்கு என்ன உரிமை என்று எனக்குள் இருந்த கூச்சம் இவரைக் கேட்டுத்தான் போனது.

சரி, பயிற்சிக்கு வருகிறேன்.

முதல் மாதம் முழுக்க ஒற்றை ஸ்வரம்தான். பக்கத்துத் துளை சேர்ந்து ஒலிக்காமல் ஒரே துளையைப் பிடிக்க உதடு பழகுவதற்கு அவ்வளவு நாள் ஆனது. அதைவிடப் படுத்தியது இரண்டாம் துளை. இழுத்தால் சளி பிடித்த தொண்டைபோல அடைத்துக்கொண்டு, சுருதியும் இறங்கி ஒலித்தது. ரீட் பழுது என்றே நினைத்து, கடைக்குக் கொண்டுபோகப் பெட்டியில் கூட வைத்துவிட்டேன். அப்புறம் ஒருநாள் கொட்டாவி விடுகிற மாதிரி தாடையைத் தளர்த்தி, வயிற்றிலிருந்து மெதுவாக இழுத்தேன். கணீரென்று வந்தது! ரீடில் எந்தக் குறையும் இல்லை. வாய்க்குள் இடம் இறுகி, ஸ்வரத்தை நானே என்னை அறியாமல் கீழே அழுத்திக்கொண்டிருந்தேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ரீடைக் குறை சொல்வதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

அந்த இரண்டாம் துளை இழுப்புதான் ப்ளூஸுக்கு ஸட்ஜமம். சி ஸ்கேல் கருவியை ஜி சுருதியில் வாசிக்கிறோம். இதைத்தான் கிராஸ் ஹார்ப் என்கிறார்கள். இரண்டை ஸ என்று வைத்துக்கொண்டால் நான்காவதை இழுக்கப் பஞ்சமம், ஐந்தாவதை இழுக்கக் கைசிகி நிஷாதம், நான்காவதை ஊத சுத்த மத்யமம். சிறுவயதில் கொஞ்சம் பாட்டு கற்ற எனக்கு, இப்படி எழுதி வைத்ததும் வரைபடம் கையில் கிடைத்த மாதிரி ஆயிற்று.

மூன்றாம் துளைதான் பொக்கிஷம். சும்மா இழுத்தால் அந்தர காந்தாரம். நாக்கின் பின்பகுதியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, 'ஈ'யிலிருந்து 'ஊ'வுக்குப் போகிற மாதிரி வாயின் உள்ளே இடத்தை மாற்றினால் சாதாரண காந்தாரம். இன்னும் இறக்கினால் சதுச்ருதி ரிஷபம், அதற்கும் கீழே சுத்த ரிஷபம். ஒரே துளை, ஒரே மூச்சு, நான்கு ஸ்வரம். உதடு அசையவே கூடாது, எல்லாம் உள்ளே நடக்கிறது. எனக்கு வழி காட்டியது விசில்தான். காற்றை உள்ளிழுத்தபடி விசில் அடித்து, அதை மேலிருந்து கீழே இறக்கிப் பழகினேன். அந்த இறக்கத்தில் நாக்கு எங்கே போகிறதோ, அதே இடம்தான் மவுத் ஆர்கனிலும். நான்காம் துளையில் அரை ஸ்வரம் மட்டுமே இறங்கும் என்பதால் முதலில் அங்கே பழகிவிட்டு மூன்றுக்கு வந்தேன். மூன்றாம் மாதக் கடைசியில் முதல் இறக்கம் பிடிபட்டது.

பிடிபட்ட பிறகு காதும் மாறிவிட்டது. ப்ளூஸ் காந்தாரம் சாதாரணத்திலும் நிற்பதில்லை, அந்தரத்திலும் நிற்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் கசிகிறது. கமகம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த இடம் அந்நியமாக இருக்காது.

ட்ரெவேஸ் பாட்டும் பாடுவார். பாடும் வாயால்தான் வாசிக்கவும் வேண்டும் என்பதால் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. பாடின வரிக்கு மவுத் ஆர்கன் பதில் சொல்கிறது. இதை அப்படியே பயிற்சியில் வைத்துக்கொண்டேன். 12 பார் ப்ளூஸ் என்பது நான்கு தட்டு கொண்ட 12 பார் திரும்பத் திரும்ப வரும் அமைப்பு. அதில் பின்னணி நிற்கும் ஸ்வரம்: ஸ நான்கு பார், ம இரண்டு, ஸ இரண்டு, ப ஒன்று, ம ஒன்று, ஸ இரண்டு. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 70 தட்டில் வைத்து, இரண்டு பார் வாயால் முணுமுணுப்பேன், அடுத்த இரண்டு பாரில் வாசிப்பேன். முன்பெல்லாம் 12 பாரையும் ஸ்வரத்தால் நிரப்பிவிட்டு மூச்சு வாங்குவேன். இப்போது மூச்சும் மிச்சமாகிறது, வாசிப்பதும் பேச்சுபோல இருக்கிறது.

பராமரிப்பு: வாயைக் கொப்பளிக்காமல் தொடுவதில்லை. முடிந்ததும் துளைகள் கீழே இருக்கும்படி உள்ளங்கையில் தட்டி ஈரத்தை வெளியேற்றிவிடுகிறேன்.

ஐந்தாம் மாதம் இப்போது. மூன்றாம் துளையில் முதல் இறக்கம் பத்துக்கு எட்டு முறை சரியாக நிற்கிறது. இரண்டாவது இறக்கம் வழுக்குகிறது, சுத்த ரிஷபம் இன்னும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததுதான். அடுத்து ஏ ஸ்கேலில் ஒன்று வாங்கப் போகிறேன். கிட்டார் வாசிக்கும் நண்பர் ப்ளூஸை எப்போதும் ஈ-யில்தான் வாசிப்பார். ஏ ஸ்கேலில் இரண்டாம் துளையை இழுத்தால் ஈ.