பாட்டிலில் இருக்கும் பத்து

பைக்கின் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஷாக் குழாய்களான ஃபோர்க்கைப் பிரித்து, ஆயில் கசியாமல் தடுக்கும் சீலை மாற்றும் வேலையில் வெகுகாலம் ஆயிலைப் பற்றி யோசித்ததே இல்லை. மேனுவலில் 10 டபிள்யூ என்று ஆயிலின் கெட்டியைக் குறிக்கும் எண் இருந்தால் கைக்குக் கிடைத்த 10 டபிள்யூவை ஊற்றி மூடிவிடுவேன்.

ஒருமுறை வழக்கமான ஆயில் தீர்ந்துபோய், வேறு கம்பெனியின் 10 டபிள்யூவை ஊற்றி அனுப்பினேன். இரண்டாம் நாளே வண்டிக்காரர் வந்து நின்றார். “சின்னப் பள்ளத்துக்கே மணிக்கட்டு வலிக்குதுங்க.” சீல் புதிது, புஷ் புதிது, ஆயில் மட்டமும் சரி. ஹேண்டிலை அழுத்தி விட்டால், முன்பக்கம் தூக்கம் கலையாத ஆள் மாதிரி மெல்ல எழுந்தது.

அப்புறம்தான் இரண்டு ஆயில்களின் விவரத்தாளையும் தேடிப் படித்தேன். ஆயில் எவ்வளவு கெட்டி என்பதை அளக்கும் அலகு சென்டிஸ்டோக்ஸ்; 40 டிகிரி செல்சியஸில் வழக்கமானது 32, புதிதாக ஊற்றியது 45க்கும் மேல். இரண்டின் மேலும் அதே பத்து! ஃபோர்க் ஆயிலில் அந்த எண்ணை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குப் போடுகிறது. அந்த வண்டியின் ஃபோர்க்குக்குள் இருந்ததோ சாதாரண டேம்பர் ராடு, அதாவது துளை போட்ட ஒரு குழாய். சில துளைகள் வழியாகத்தான் ஆயில் போய்வர வேண்டும். சக்கரம் சட்டென்று மேலே ஏறும்போது கெட்டி ஆயில் துளையில் முட்டிக்கொள்ளும். அந்த அடிதான் கைக்கு வருகிறது.

பிரேக் பிடித்தால் முன்பக்கம் குத்துகிறது, கெட்டி ஆயில் போடுங்கள் என்று கேட்பவர்கள் உண்டு. எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஆயில் அதன் வேகத்தைத்தான் கட்டுப்படுத்தும். தளர்ந்த ஸ்பிரிங்கை ஆயிலால் மறைக்கப் பார்ப்பது எனக்குப் பிடிக்காத வேலை.

மில்லி கணக்கில் ஊற்றுவதையும் விட்டுவிட்டேன். எவ்வளவு வடித்தாலும் உள்ளே கொஞ்சம் பழைய ஆயில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ராடை மெதுவாகப் பம்ப் செய்து காற்றை வெளியேற்றி, ஃபோர்க்கை முழுக்க அமுக்கி, மேல் விளிம்பிலிருந்து ஆயில் மட்டம்வரை மில்லிமீட்டரில் அளக்கிறேன். மேலே மிஞ்சும் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். இடம் குறைந்தால் கடைசி அமுக்கத்தில் இறுகிவிடும்.

அந்த வண்டிக்கு 32ஐ ஊற்றிக் கொடுத்தேன், கூலி வாங்கவில்லை. இப்போது புது பாட்டில் வந்ததும் மூடியில் மார்க்கரால் சென்டிஸ்டோக்ஸை எழுதிவிடுகிறேன். மிச்சமிருந்த அந்தக் கெட்டி ஆயில் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.