இரண்டாம் மாடித் திருப்பம்

ஜனவரி 6, 2025

அலுவலகத்தில் லிஃப்ட் ஓடவில்லை. எங்கள் பிரிவு நான்காவது மாடியில். கூட வந்த மூன்று பேரும் பேசிக்கொண்டே ஏறினார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் எனக்கு மூச்சு முட்டியது. போன் வந்ததுபோல எடுத்துக் காதில் வைத்து, "நீங்க போங்க, வந்துடறேன்" என்று கையைக் காட்டினேன். மறுமுனையில் யாரும் இல்லை. அவர்கள் காலடிச் சத்தம் அடங்கும்வரை "ம்... ம்..." என்றபடி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மதியம் கூட்டத்தில், தரவுப் பிரிவுக்காரர்கள் இரண்டு டேபிளை ஜாயின் செய்வது பற்றிப் பேசினார்கள். கணக்குப் பிரிவில் ஒன்பது வருடமாக இருக்கிறேன், ஒரு வார்த்தை புரியவில்லை. எல்லாரோடும் சேர்ந்து தலையாட்டினேன்.

இரவு எடை பார்த்தேன். 91.4 கிலோ.

ஜனவரி 9

எடை குறைய வேண்டும், வேலையில் மேலே வர வேண்டும். எதற்காக என்று ஒரு தாளில் எழுதினேன். பதினொரு காரணங்கள் வந்தன. பிறகு ஒவ்வொன்றின் பக்கத்திலும், இது முதலில் யார் வாயிலிருந்து வந்தது என்று குறித்தேன். 'போட்டோவில் நன்றாகத் தெரிய' என்பது அக்கா சொன்னது. 'கூடப் படித்தவர்கள் எல்லாம் மேனேஜர் ஆகிவிட்டார்கள்' என்பது அம்மா. 'இப்படியே போனால் சர்க்கரை வந்துவிடும்' என்பது டாக்டர்.

ஒவ்வொன்றாக அடித்தேன். டாக்டர் சொன்னதை அடிக்கத்தான் கை வரவில்லை, அது உண்மை. ஆனால் அந்தப் பயம் ரத்தப் பரிசோதனை முடிவு வந்த வாரத்தைத் தாண்டி எனக்கு நின்றதே இல்லை.

மிஞ்சியவை இரண்டு. பேசிக்கொண்டே படியேற வேண்டும். கூட்டத்தில் பேசுவது எனக்குப் புரிய வேண்டும். வெகு நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே ஆசைதான். எனக்கு நடிக்காமல் இருக்க வேண்டும்.

ஜனவரி 19

முதல் வாரத்திலேயே 1.9 கிலோ குறைந்தது. சந்தோஷப்பட்டேன், ஆனால் கணக்கில் சேர்க்கவில்லை. உடலில் சேர்த்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தின் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். உணவைக் குறைத்ததும் முதலில் இறங்குவதில் பெரும்பகுதி அந்த நீர்தான். போன தடவைகளில் இதை நம்பி, மூன்றாம் வாரம் வேகம் குறைந்ததும் மனம் விட்டுப்போனேன்.

எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர் 1971இல் செய்த சோதனை ஒன்றைப் படித்தேன். துண்டுகளைச் சேர்த்து உருவம் அமைக்கும் புதிரை மாணவர்களிடம் கொடுத்தார். ஒரு பிரிவினருக்கு மட்டும், முடித்த ஒவ்வொன்றுக்கும் பணம். பணம் நின்ற பிறகு, ஓய்வு நேரத்தில் அந்தப் புதிரைத் தொடும் ஆர்வம் அவர்களிடம் குறைந்துவிட்டது. எனக்கு முன்பு சேர்ந்த எடைக் குறைப்புப் போட்டி ஞாபகம் வந்தது. பரிசு நாள் வரை பட்டினி கிடந்தேன். மூன்றே மாதத்தில் இறக்கியதெல்லாம் திரும்பி வந்தது.

மார்ச் 2

காய்ச்சல். எட்டு நாள் நடக்கவில்லை, படிக்கவில்லை. பழைய நானாக இருந்தால் இத்தோடு விட்டிருப்பேன்.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து, ஒரு செயல் பழக்கமாக எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்திருக்கிறார்கள். சராசரி 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசப்பட்டது. நடுவில் ஒருநாள் தவறினால் பெரிய பாதகம் இல்லையாம். நான் தவறவிட்டது எட்டு நாள், தெரியும். இருந்தாலும் இன்று பத்து நிமிடம் நடந்தேன்.

ஏற்பாடு இதுதான்: இரவுத் தட்டைக் கழுவி வைத்ததும் ஷூ. நடந்து திரும்பியதும் 25 நிமிடம் எஸ்.க்யூ.எல். படிப்பு, டேபிள்களில் இருக்கும் தரவைக் கேட்டு எடுப்பதற்கான கணினி மொழி அது. 'நேரம் கிடைக்கும்போது' என்று வைத்திருந்த காலத்தில் நேரம் கிடைத்ததே இல்லை.

ஏப்ரல் 20

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும்.

இன்வாய்ஸ் டேபிளில் 1,240 வரிகள். வந்த பணத்தின் விவரம் வேறொரு டேபிளில். இரண்டையும் ஜாயின் செய்து, அதாவது ஒன்றுக்கொன்று பொருந்தும் வரிகளை ஒரே டேபிளாக இணைத்து, இன்வாய்ஸ் தொகையைக் கூட்டினால், நான் எக்செல்லில் சரிபார்த்து வைத்திருந்த தொகையைவிட அதிகமாக வந்தது. நான்கு இரவு இதிலேயே போனது. இன்று மொத்தத்தை விட்டுவிட்டு வரிகளை எண்ணினேன். 1,395. எங்கிருந்து வந்தன கூடுதல் வரிகள்? ஒரு இன்வாய்ஸை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தேன். அதற்கு மூன்று தவணையில் பணம் வந்திருந்தது. அதனால் அந்த இன்வாய்ஸ் மூன்று முறை வந்து, தொகையும் மூன்று முறை கூடியிருக்கிறது!

வந்த பணத்தை முதலில் இன்வாய்ஸ் வாரியாகக் கூட்டிவிட்டு, அப்புறம் ஜாயின் செய்தேன். 1,240. மொத்தம் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போனது. எழுந்து அறைக்குள்ளேயே இரண்டு சுற்று நடந்தேன். இதற்கு யாரும் சம்பளம் தரப்போவதில்லை. இருந்தாலும் அடுத்த கேள்வியை இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும்போல் இருந்தது.

எடை 87.2.

ஜூன் 8

ஐந்து வாரமாக 85.6இல் நிற்கிறது. பசி மட்டும் கூடியிருக்கிறது. நேற்று இரவு அடுப்படியில் நின்றபடியே மிச்சமிருந்ததை எல்லாம் சாப்பிட்டேன். அழுகை வந்தது.

இன்று காலை தேடிப் படித்தேன். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு அது. எடை குறைத்தவர்களுக்குப் பசியைத் தூண்டும், அடக்கும் ஹார்மோன்கள் ஒரு வருடம் கழித்தும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. உடல் இழந்ததை மீட்கப் பார்க்கிறது. அப்படியென்றால் நேற்றைய பசி என் குணக்கேடு இல்லை. இதை எனக்கு யாராவது பத்து வருடம் முன்பே சொல்லியிருக்கலாம். எத்தனை இரவு என்னையே திட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன்!

இறங்காவிட்டாலும் பரவாயில்லை, ஏறாமல் இருக்கட்டும். இந்த மாதத்துக்கு அது போதும்.

ஜூலை 13

மழை. நடை இல்லை, படிப்பு உண்டு.

ஆகஸ்ட் 24

83.8 கிலோ. வெள்ளிக்கிழமை தரவுப் பிரிவுக்கு மாறுவதற்கான நேர்காணல் நடந்தது. ஒரே வாடிக்கையாளர் இரண்டு விதமான எழுத்துக்கூட்டலில் பதிவாகியிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டார்கள். தலை தானாக ஆட ஆரம்பித்தது, நிறுத்தினேன். "முழுசா தெரியாதுங்க. எங்கேயிருந்து தேட ஆரம்பிப்பேன்னு சொல்றேன்" என்றேன். சொல்லி முடிக்கும்வரை கேட்டார்கள். முடிவு வர இரண்டு வாரம் ஆகும்.

வெளியே வந்து தேநீர் குடித்துவிட்டு, பக்கத்து இருக்கைக்காரரோடு படியேறினேன். நேர்காணலைப் பற்றித்தான் பேச்சு. மூன்றாம் மாடியில் மூச்சு வாங்கியது. "இருங்க, ஒரு நிமிஷம்" என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரும் நின்றார், அவருக்கும் வாங்கியது. விட்ட இடத்திலிருந்து பேசிக்கொண்டே மேலே போனோம்.