பக்கவாட்டில் அவ்வளவு விரியுமா?

"சார், மேலிருந்துதானே அமுக்குறோம்? அமுங்கினதைவிடப் பக்கவாட்டில் விரிஞ்சது எப்படி அதிகமாச்சு?"

அந்தப் பல் டாக்டர் இதைக் கேட்டு இரண்டு வருஷம் ஆகிறது. கேள்வியைவிட நான் சொன்ன பதில்தான் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

5 மி.மீ. அகலம், 2 மி.மீ. தடிமனில் ஒரு டென்டின் துண்டு, அதாவது பல்லில் எனாமலுக்கு உள்ளே இருக்கும் கெட்டியான பகுதி. வெள்ளை பூசி, மேலே கறுப்புப் புள்ளிகள் தூவி, 100 நியூட்டன் சுமை ஏற்றினோம். எதிரே 200 மி.மீ. தள்ளி ஒரே ஒரு கேமரா. சுமைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களில் புள்ளிக் கூட்டங்கள் எவ்வளவு நகர்ந்தன என்று பார்த்து மென்பொருள் திரிபை, அதாவது நீளம் எந்த விகிதத்தில் மாறியது என்பதைக் கணக்கிடும். உயரவாக்கில் 100 மைக்ரோஸ்ட்ரெயின் (நீளத்தில் பத்து லட்சத்தில் நூறு பங்கு) சுருக்கம், அகலவாக்கில் 680 விரிவு என்று வந்தது. அமுங்கியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் விரிய வேண்டும்.

"டென்டின் சீரான பொருள் இல்லைங்க டாக்டர், உள்ளே நுண்குழாய்கள் ஓடுது, திசைக்குத் திசை குணம் மாறும்" என்றேன். சொன்னது பொய்யில்லை, ஆனால் ஏழு மடங்கு வித்தியாசத்துக்கு அது பதிலே இல்லை. அவர் திரையை இன்னொரு முறை பார்த்துவிட்டு, "சரி சார்" என்று படத்தைச் சேமித்துக்கொண்டார். அடுத்த ஆள் மெஷினுக்காகக் காத்திருந்தார், உண்மைதான். அதற்காக ஐந்து நிமிஷம்கூடவா இல்லை?

அப்புறம் ஒரு நாள் மனசு கேட்காமல், வேறொரு துண்டை நகர்த்தும் மேடையில் வைத்து, சுமையே இல்லாமல் கேமராவை நோக்கி 0.1 மி.மீ. நகர்த்தினேன். பொருள் கிட்டே வந்தால் படம் பெரிதாகும், மென்பொருளுக்கு அதுவும் விரிவுதான். எந்தப் பக்கம் பார்த்தாலும் 500 மைக்ரோஸ்ட்ரெயின். அவருடைய எண்களில் அந்த 500 பொய் விரிவைக் கழித்தால் 600 சுருக்கம், 180 விரிவு, டென்டினுக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் அன்றைக்குத் துண்டு 0.1 மி.மீ. முன்னால் வந்ததென்று நான் எப்படிச் சொல்ல முடியும்? பொருந்துகிற எண்ணைத் தேடி எடுத்துக்கொண்டேனோ என்றும் தோன்றுகிறது. முதுகுப் பக்கம் ஒரு ஸ்ட்ரெயின் கேஜ், அதாவது திரிபை நேரடியாக அளக்கும் சின்ன உணரி, ஒட்டியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

போன் செய்து சொன்னேன். ஆய்வேட்டை ஏற்கெனவே கொடுத்துவிட்டாராம்.

"எனக்கு அன்னைக்கே தோணுச்சு சார். நீங்க அவ்வளவு உறுதியா சொன்னீங்களா, விட்டுட்டேன்."

உறுதியாகத்தான் சொன்னேனா? எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். என் காதில் அந்தக் குரல் தயங்கித்தான் கேட்கிறது.