அன்ரிக்கு ஒரு கதிரை

"எத்தனை பேர் அன்ரி இருந்து சாப்பிடுவீங்க?" எண்டு கேட்டன். "நாலு பேர் பிள்ளை" எண்டா. வீட்டில ஆக்கள் அஞ்சு பேர். நான் டேப்பை மேசையில வைச்சிட்டு, அங்கிள், மகன், மருமகள், பேரன், பிறகு நீங்க எண்டு விரல் மடிச்சுக் காட்டினன். அவ சிரிச்சிட்டு "நான் பிறகுதானே சாப்பிடுறது" எண்டு சொல்லிப்போட்டு குசினிக்குள்ள போயிட்டா. அவ்வளவுதான் கதை. வேலை முடிஞ்சு, காசும் வந்து, படமும் எடுத்து முடிஞ்ச பிறகும் இந்த ஒரு பேச்சு என்னை விடுகுதில்லை.

வீடுகளுக்குச் சாப்பாட்டறை டிசைன் பண்ணிக் குடுக்கிற எங்கட வேலையில முதல் கேள்வியே எத்தனை பேர் எண்டதுதான். ஒரு ஆள் முழங்கை இடிக்காம சாப்பிட 24 இஞ்சி வேணும், கதிரையைப் பின்னுக்கு இழுத்து எழும்பவும் பின்னால ஒராள் கறிச்சட்டியோட போகவும் 36 இஞ்சி வேணும். திருகோணமலை உவர்மலையில இருக்கிற அன்ரி வீட்டில அறை 11க்கு 13 அடி. அங்கிளின்ட முதிரை மரத்து மேசை 7 அடி நீளம், மூண்டரை அடி அகலம். நீளப்பக்கம் ரெண்டு அந்தத்திலயும் மூண்டு மூண்டு அடி விட்டா சரியா 13. அகலத்தில ஒண்டரை அடிதான் மிஞ்சும், அதுக்குள்ள 18 இஞ்சி ஆழத்தில ஒரு சாமான் அலுமாரி. எல்லாம் இஞ்சிக் கணக்கு, அதால ஆக்கள் கணக்கு பிழைச்சா எங்களுக்குப் பிடிக்காது.

அந்த வீட்டில ஆளுக்கொரு ரசனை. மேசையில கை வைக்கக்கூடாது எண்டு அங்கிள் முதல் நாளே சொல்லிட்டார், 90ல வீட்டை விட்டுப் போகேக்க பாரம் எண்டு விட்டிட்டுப் போன மேசை அது, திரும்பி வரேக்க அது மட்டும்தான் இருந்ததாம். லண்டன்ல இருக்கிற மகள்தான் காசு அனுப்புறா, அவ அனுப்பின படங்கள் எல்லாம் டென்மார்க் ஸ்டைல், 1949ல ஹான்ஸ் வெக்னர் டிசைன் பண்ணின, முதுகு ஆங்கில வை எழுத்து மாதிரிப் பிரியிற கதிரை, வெள்ளைச் சுவர், ஒண்டும் இல்லாத மேசை. மருமகளுக்கு கறுப்பு இரும்புக் கால், செங்கல் சுவர், குமிழ் பல்ப். மகனுக்கு செலவு கூடக்கூடாது, பேரனுக்கு எது எண்டாலும் நீலம். அன்ரியைக் கேட்டா "உங்களுக்குச் சரியெண்டா எனக்கும் சரி பிள்ளை."

இப்படி வீடுகள்ல நான் செய்யிறது என்னெண்டா, உயரத்தையும் மரத்தின்ட நிறத்தையும் ஒண்டாக்கிப்போட்டு மற்றதை அவரவர் விருப்பத்துக்கு விடுறது. மேசை 30 இஞ்சி, இருக்கிற பலகை எல்லாக் கதிரைக்கும் 18 இஞ்சி. அது ஒண்டாயிருந்தா கதிரை ஒவ்வொண்டும் ஒவ்வொரு மாதிரி இருந்தாலும் கண்ணுக்குக் குழப்பம் இருக்காது. வெக்னரின்ட கதிரையில இருக்கிற இடம் 120 மீற்றர் கடதாசிக் கயிறு சுத்தினது, எங்கட உப்புக்காத்துக்கும் மாரிக்கும் அதை நம்ப எனக்கு மனம் வரேல்ல, முதுகு வளைவை மட்டும் எடுத்துக்கொண்டு இருக்கிற இடத்துக்குப் பிரம்பு பின்னினம். கால் வளைக்கிறதுக்கு, மரவேலை செய்யிற ஓடாவி அண்ணை சவண்டலைதான் வேணும் எண்டு நிண்டார், சிங்களத்தில ஹல்மில்ல எண்டுறது, சாராயப் பீப்பாய் செய்யிற மரம், வெளிநாட்டுக்காரர் ட்ரிங்கோமலி வுட் எண்டு எங்கட ஊர்ப் பேரையே வைச்ச மரம். இரும்புக் கால் வேண்டாம், வெல்டிங் பண்ணின மூட்டிலதான் முதல் துரு பிடிக்கும் எண்டு மருமகளுக்கு விளங்கப்படுத்தி மரத்துக்கே கறுப்புச் சாயம் குடுத்தம்.

லைற்றுக்குத்தான் பெரிய சண்டை. மேசைக்கு மேல 30 இஞ்சில தொங்குற மஞ்சள் லைற் வேணும் எண்டு லண்டன், அதுக்குள்ள மீன் முள்ளுத் தெரியாது எண்டு அங்கிள். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பாரை எண்டாப் பரவாயில்லை, சின்ன மீனை மங்கல் வெளிச்சத்தில சாப்பிடேலாது. பேனும் வேணும், பேன் இறக்கைக்கு மேல லைற் வந்தா தட்டில நிழல் வெட்டி வெட்டி ஓடும். கடைசியில பேனை மேசை நடுவில இருந்து விலத்தி, 3000 கெல்வின் மஞ்சள்ல ஒண்டு தொங்கவிட்டு, கூரையில 6500ல வெள்ளை லைற் வேற சுவிச்சில போட்டம். மீன் நாளில ஒரு சுவிச், மற்ற நாளில ஒரு சுவிச். இதை எல்லாம் ஏன் சொல்லுறன் எண்டா, முள்ளுக்கு நான் இவ்வளவு யோசிச்சனான், ஆனா அன்ரி சொன்ன அந்த ஒரு வசனத்தை ஒரு நிமிசம்கூட யோசிக்காம நானே மறுமொழி எழுதிப்போட்டன்.

அவவுக்கும் ஒரு கதிரை செய்தன். கை வைச்சது, பலாவில, முதிரையின்ட மஞ்சளுக்குக் கிட்ட வாற மாதிரி. எழும்பி இருக்க லேசா குசினி வாசல் பக்கத்து அந்தத்தில போட்டன். கதிரை எல்லாம் கொண்டுவந்து இறக்கின அண்டைக்கு அங்கிள் இருந்து பாத்தார், மருமகள் இருந்து படம் எடுத்தா, பேரன் ஏறி நிண்டான். அன்ரி வந்து தன்ட கதிரையின்ட கையை சட்டை விளிம்பால துடைச்சா. இருக்கேல்ல. ஓடாவி அண்ணை என்னைப் பாத்து மெதுவா "அவ இதில இருக்க மாட்டா பாருங்கோ தங்கச்சி" எண்டார். நான் பேசாம இருந்தன், ஏனெண்டா எனக்கு அப்ப சரியான சந்தோசம். வெளிப்படையாச் சொல்லுறன், அந்த வீட்டில நான் செய்ததிலயே பெரிய வேலை அந்தக் கதிரைதான் எண்டு நினைச்சனான். என்ட அம்மம்மா எல்லாருக்கும் போட்டு முடிச்சு, சட்டி வழிச்சு, குந்தியிருந்து சாப்பிட்டதை சின்னனில இருந்து பாத்தனான். அந்தப் பழக்கத்தில எனக்கு ஒரு மரியாதையும் இல்லை.

பிறகு அலுமாரிக் கதவு ஒண்டு சரியாக்கப் போகேக்க அன்ரி தனிய இருந்தா. தேத்தண்ணி தந்திட்டு, கோவமும் இல்லாம சிரிப்பும் இல்லாம, "பிள்ளை, எனக்குக் கதிரை வேணுமெண்டு நான் கேட்டனானா?" எண்டா.

என்ன மறுமொழி சொல்லுறது. அவவே சொல்லிக்கொண்டு போனா. முந்தி எல்லாரும் சாப்பிட்டு எழும்பின பிறகு, ரெண்டு மணி போல, சோத்துக்குச் சொதியும் விட்டு ஒரு பொரிச்ச மிளகாயும் வைச்சுக்கொண்டு பின் வாசல் குந்தில போய் இருப்பாவாம். வேலிக்கு அங்கால பக்கத்து வீட்டு அக்காவும் அந்த நேரம் ஓய்ஞ்சு வந்து நிப்பா. ஒருத்தரும் தண்ணி கொண்டா, அப்பளம் கொண்டா எண்டு கூப்பிடாத நேரம் அது ஒண்டுதான். இப்ப கதிரை இருக்கெண்டபடியா எல்லாரும் "அம்மா, உங்கட கதிரை இருக்கே, இருங்கோ" எண்டு இருத்தினம், லண்டன் மகள் வட்ஸ்அப் வீடியோவில வந்து அம்மா இருக்கிறாவோ எண்டு பாக்கிறா. இருந்தும் என்ன, கறி குறையக் குறைய அவதான் எழும்புறா. ரெண்டு தரம் எழும்பினா பசி போயிடும் எண்டா. "இருந்த மாதிரியும் இல்லை, சாப்பிட்ட மாதிரியும் இல்லை."

அண்டைக்கு ஸ்கூட்டியில திரும்பி வரேக்க முதல் வந்தது கோவம்தான். பிழை கதிரையிலயா, எழும்பிக் கறி எடுக்காத மற்ற நாலு பேரிலயா? இருத்தத் தெரிஞ்ச ஆக்களுக்கு ஒரு கிண்ணத்தை எடுத்துக் குடுக்கத் தெரியாதா? என்ட டிசைன் அதுக்குத்தானே, அலுமாரியை கை எட்டுற தூரத்தில வைச்சதே ஆரும் குசினிக்கு ஓடாம மிச்சக் கறியை அதில வைச்சு எடுக்கோணும் எண்டுதான். அதையும் ஒருத்தரும் பாவிக்கேல்ல, மேல டீவி றிமோட்டும் மருந்துப் பெட்டியும் இருக்கு. பிறகு யோசிச்சா, ஒரு வீட்டின்ட பழக்கத்தை 18 இஞ்சிப் பலகை மாத்தும் எண்டு நான் நினைச்சதும் கூடத்தான். ஆனா கதிரையே வைக்காம விட்டிருந்தா? அப்ப நான் அந்தப் பழக்கத்துக்கு ஒப்பம் வைச்ச மாதிரி இல்லையா? அஞ்சு பேர் இருக்கிற வீட்டில நாலு கதிரை போட்டுக் குடுத்திட்டு நித்திரை வருமா எனக்கு?

என்னோட வேலை செய்யிற அக்காவுக்கு இதில குழப்பமே இல்லை. காசு தாறவ ஆறு கதிரை கேட்டவ, அதால நீ விட்டிருந்தாலும் கதிரை வந்திருக்கும், உனக்கு ஏன் இந்தப் பாரம் எண்டா. சரிதான், ஆனா வாறாக்கள் போறாக்களுக்கெண்டு போடுற கதிரையில ஒருத்தரின்ட பேர் இருக்காது. பேர் வைச்சது நான். "இது அன்ரிக்கு" எண்டு எல்லாருக்கும் முன்னால சொன்னதும் நான்.

"நான் பிறகுதானே சாப்பிடுறது." இதை மூண்டு மாதிரிக் கேக்கலாம். ஒருத்தரும் தன்னை எண்ணுறதில்லை எண்ட முறைப்பாடாக் கேக்கலாம், நான் அப்படித்தான் கேட்டனான். சும்மா பழக்கமாக் கேக்கலாம். இல்லையெண்டா, எனக்கு அதுதான் விருப்பம் எண்டு கேக்கலாம். மற்ற நாலு பேரும் படம் காட்டி, கலர் காட்டித் தங்கட விருப்பத்தைச் சொன்னவை, அவ இடத்தையும் நேரத்தையும் சொன்னவ. எங்கட கேள்விப் பேப்பரில மரம் என்ன, நிறம் என்ன எண்டு இருக்கு, எத்தனை மணிக்கு எங்க இருந்து சாப்பிட விருப்பம் எண்டு இல்லை. ஆனா கேட்டாலும் உண்மை வந்திருக்குமோ தெரியாது, அண்டைக்கு மருமகள் பக்கத்தில நிண்டவ. அதோட இன்னொண்டும் இருக்கு, முப்பது நாப்பது வருசம் கடைசியாச் சாப்பிட்ட ஒராள் அதுதான் எனக்கு விருப்பம் எண்டு சொன்னா, அதை அப்படியே எடுக்கலாமா? எடுக்காம விட நான் ஆர்?

மருமகள் வேற கதை சொல்லுறா. பேரன் இப்ப அப்பம்மாவுக்குப் பக்கத்தில இருந்தாத்தான் வாய் திறக்கிறானாம், முந்தி ஒரு பிடி சோத்துக்கு வீடு சுத்தினவனாம். அதை அன்ரியிட்டக் கேட்டன். "அவன் பக்கத்தில இருக்கிறது நல்லம்தான்" எண்டு ஒத்துக்கொண்டா, உடன "அவனை நான் குந்திலயும் வைச்சுக் குடுப்பன்" எண்டா.

தேத்தண்ணிக் கோப்பையை வைச்சிட்டு எழும்பேக்க அந்தக் குந்தைப் போய்ப் பாத்தன். அடி அகலம்கூட இல்லை, அவ இருக்கிற இடத்தில மட்டும் சீமெந்து வழுவழுப்பா மினுங்குது, பக்கத்தில தட்டு வைக்கிற அளவுக்கு ஒரு செங்கல். அரை நாள் மேசன் வேலையில அகலமாக்கி, முதுகு சாய ஒரு பலகையும் வெயிலுக்கு ஒரு தாவாரமும் போட்டுத் தரலாம், காசு வேண்டாம் எண்டன். அவ தலையை ஆட்டினா. "அதை அப்படியே விடுங்கோ பிள்ளை."

இப்ப மாரி தொடங்கி மரம் ஊதி, அலுமாரி லாச்சி இறுகுது எண்டு மருமகள் மெசேஜ் போட்டிருக்கிறா. சீவிக் குடுக்க ஓடாவி அண்ணையோட ஒருக்காப் போகோணும். மத்தியானம் ரெண்டு மணிக்கு வரலாம் எண்டு அவர் சொல்லுறார். அந்த நேரம் போனா அன்ரி எங்க இருந்து சாப்பிடுறா எண்டு கண்ணால பாத்திடலாம். நான் இன்னும் நேரம் சொல்லேல்ல.