641-இல் உடைந்த எண்

பள்ளி மலருக்கு ஒரு நினைவுக் கட்டுரை கேட்டார்கள். விளையாட்டுப் போட்டியும் ஆண்டு விழாவும் மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது 4294967297 என்ற எண்தான்.

பத்தாம் வகுப்பில் கணக்கு சார் அதைக் கரும்பலகையில் எழுதி, "பகா எண்ணா, பகு எண்ணா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். ஒற்றைப்படை, அதனால் 2 இல்லை. இலக்கங்களின் கூட்டல் 59, எனவே 3 இல்லை. கடைசி இலக்கம் 7, ஆகவே 5-ம் இல்லை. அப்புறம் 7, 11, 13 என்று வகுத்துக்கொண்டே போனேன். மணி அடித்தபோது 43 வரை வந்திருந்தேன். மீதி வராத எண் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பகா எண் என்று எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் சார், "இந்த எண் எப்படிப் பிறந்ததுன்னு யாராவது பார்த்தீங்களா?" என்றார். 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டியது அது. 2-இன் 1, 2, 4, 8, 16-ஆம் அடுக்குகளோடு 1 கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 என்ற பகா எண்களுக்கு அடுத்து நிற்பது. இந்த வரிசையில் வருவதெல்லாம் பகா எண்களே என்று 17-ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஃபெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர் என்ற இன்னொரு கணித மேதை 4294967297-ஐ 641 × 6700417 என்று உடைத்தார். இரண்டுமே பகா எண்கள்.

இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும் என்றும் ஆய்லர் நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே அகப்பட்டுவிடுகிறது! நான் சோதித்த 14 எண்களில் ஒன்றுக்கும் வாய்ப்பே இருந்திருக்கவில்லை.

சார் அதோடு விடவில்லை. வகுக்காமலே காட்டுகிறேன் என்றார். 641 என்பது 5 × 128 + 1. அதாவது 641-ஆல் வகுத்தால் 5 × 2⁷-க்கு மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. ஆனால் 641 என்பது 625 + 16-ம் கூட, எனவே 5⁴ இருக்குமிடத்தில் −2⁴ போடலாம். −2³²-க்கு மீதி 1 என்றாகிறது. சரி, அப்படியானால் 2³² + 1-க்கு மீதி பூஜ்யம். வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது. அந்த நாலு வரியை இன்றும் தாள் இல்லாமல் சொல்வேன்.

பல வருடங்கள் கழித்து இன்னொன்று கண்ணில் பட்டது. இந்த எண் இரண்டு விதமாக இரு வர்க்கங்களின் கூட்டல்: 65536² + 1², 62264² + 20449². ஒற்றைப்படை எண் ஒன்றை இப்படி இரு விதமாக எழுத முடிந்தாலே அது பகு எண்தான். காரணிகளும் அதிலிருந்தே வந்துவிடும்: 4² + 25² = 641, 409² + 2556² = 6700417. 4294967297-இல் இரண்டைக் கழித்தால் வரும் 4294967295-ஓ, ஃபெர்மாவின் அந்த ஐந்து பகா எண்களின் பெருக்கல்!

அன்று மணி அடிக்கும் முன் சார் வரிசையின் அடுத்த எண்ணையும் எழுதிவிட்டுப் போனார்: 18446744073709551617. அன்றைய வகுப்புத் தோழர்கள் யாராவது இதைப் படித்தால், 274177-ஆல் வகுத்துப் பாருங்கள்.