பச்சைக் கூடையில் ஓர் ஊசி

வீடு வீடாகப் போய்க் குப்பையைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லும் பரப்புரையாளர் வேலையில் கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சொல்வதெல்லாம் சகஜம். "நாங்க பிரிச்சுக் கொடுக்கறோம், நீங்க வண்டியில ஒண்ணாக் கொட்டிடறீங்க" என்று தினமும் ஒரு வாசலிலாவது கேட்பார்கள். இல்லவே இல்லை என்று நானும் அடித்துச் சொல்வேன், வண்டியின் நடுத்தடுப்பு உடைந்து கிடந்த வாரத்திலும் சொல்லியிருக்கிறேன். அதெல்லாம் மனதில் நிற்பதில்லை. அந்த ஐயாவிடம் சொன்ன ஒரு "இல்லைங்க" மட்டும் போக மாட்டேன் என்கிறது.

மக்கும் குப்பையைப் பச்சைக் கூடையில் அப்படியே போடுங்கள் என்று எவ்வளவு சொன்னாலும் பாதி வீடுகளில் கேரி பேகில் முடிந்துதான் போடுகிறார்கள், கூடை நாறக் கூடாதாம். உரக்கூடத்தில் கவரோடு எடுக்க மாட்டார்கள், தொட்டியில் ஒரு கவர் கிடந்தாலும் அந்த உரத்தை எந்த விவசாயி வாங்குவார்? அதனால் எங்கள் வண்டியின் தூய்மைப் பணியாளர் அக்கா ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து வண்டியில் கவிழ்க்க வேண்டும். ரப்பர் கையுறை போட்டால் முடிச்சு அவிழாது. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும், பதிவேட்டில் மட்டும் அவர் கையுறையோடு இருப்பார். அன்றைக்குக் கீரைத்தண்டு, புளிச்சக்கை, ஊறிப்போன இட்லி, அதற்குள் மூடி கழன்ற ஓர் இன்சுலின் ஊசி. ஆள்காட்டி விரல் நுனியில் கடுகளவு ரத்தம். அக்கா அதைக் கோட்டில் துடைத்துவிட்டு அடுத்த கவரை எடுத்தார்.

நான்தான் பதறினேன். தெருக்குழாயில் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தேன், 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அரை நாள் கூலி போய்விடும் என்றார். எப்படியோ சாயங்காலம் கூட்டிப்போனேன். டி.டி. என்கிற தனுர்வாதத் தடுப்பூசி போட்டு, ரத்தம் எடுத்து, சில மாதம் கழித்துத் திரும்ப வரச் சொன்னார்கள். வரும் வழியில் பஸ்ஸில் சொன்னார்: "அந்த வீட்டுல சொல்லிராத கண்ணு. அந்தம்மா மனசு தாங்காது. அப்பறம் எம் மொகத்தப் பாக்கவே கூச்சப்படுவாங்க." எந்த வீடு என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. தெருவில் ஊசி போட்டுக்கொள்கிறவர் ஐயா ஒருவர்தான். அக்காவுக்குத் தினமும் டீ கொடுக்கிற வீடும் அதுதான்.

மறுநாள் அந்த வாசலில் நின்று, ஊசியை மட்டும் தனியாக வையுங்கள் என்றேன். ஐயா பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, யாருக்காச்சும் குத்திப்போச்சா?" அக்கா எனக்குப் பின்னால் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார், திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. "இல்லைங்கய்யா, விதி அப்படி" என்றேன்.

விதி அப்படித்தான், அதில் பொய் இல்லை. அப்போது இருந்த 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டுக் குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொல்லின, மூன்றாவதான அபாயகரமான கழிவில் பயன்படுத்திய ஊசி, சிரிஞ்சு என்று பெயர் சொல்லியே இருந்தது. எங்கள் வண்டியில் இருப்பது இரண்டே அறை. ஐயாவும் அதைத்தான் கேட்டார், "அப்ப எங்கம்மா போடறது?" பாட்டிலில் போட்டு வையுங்கள், நானே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்கா கேட்டுக்கொண்டதைச் செய்தேன், குத்தியது அவர் விரலில், சொல்வதா வேண்டாமா என்பது அவர் இஷ்டம். இப்படி நினைக்கும்போது சரியாகத்தான் இருக்கிறது. அப்புறம், விஷயம் வெளியே போயிருந்தால் ஒப்பந்தக்காரர் முதலில் கேட்டிருப்பது கையுறை எங்கே என்றுதான், கூலியில் கை வைத்திருப்பார்கள். அக்காவைக் காப்பாற்றினேன் என்று இதையும் சேர்த்துக்கொள்வேன். ஆனால் நான் வாயைத் திறக்காததால் அந்த ஒப்பந்தக்காரருக்கும் ஒரு தொந்தரவும் வரவில்லையே, மேலே இருக்கிறவர்களுக்கும் எனக்குமே வரவில்லையே. யாரைக் காப்பாற்றினேன் என்று அதற்கு மேல் யோசிக்கப் பிடிப்பதில்லை.

ஐயா தாங்கியிருப்பார் என்றுகூடத் தோன்றுகிறது. அப்படிக் கேட்கிறவர் பதிலுக்குத் தயாராகத்தானே கேட்கிறார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த விரலை நான் மற்ற தெருக்களில் சொல்கிறேன். பெயர் இல்லை, ஊர் இல்லை, "ஒரு தூய்மைப் பணியாளர் அக்காவுக்கு" என்றுதான் ஆரம்பிப்பேன். 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர் குப்பைக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்ததைச் சொன்னாலும், ஈரக் குப்பை மட்கும்போது வரும் வாயுவைப் பற்றிச் சொன்னாலும், தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்துகிறவர்கள், ஊசி என்றதும் நிற்கிறார்கள். உள்ளே போய்க் கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு வந்த பெண்ணும் உண்டு. சொல்ல வேண்டிய ஒரு தெருவில் மட்டும் சொல்லாமல், மற்ற இடமெல்லாம் சொல்லித் திரிவது அக்காவுக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்? சிரிக்கலாம். கோபப்பட்டால் எனக்குப் பதில் இல்லை, ஆனாலும் நிறுத்த மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன், பலன் இருக்கிறதே.

பாட்டில் கதை தனி. ஐயா ஒழுங்கானவர், மூடியைச் சுற்றி டேப் ஒட்டித்தான் கொடுப்பார். முதல் பாட்டிலை ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா மனமிரங்கி வாங்கிக்கொண்டார், இனிமேல் கொண்டுவராதே என்ற நிபந்தனையோடு. அவர்கள் மருத்துவக் கழிவில் ஒவ்வொரு பைக்கும் பார்கோடு, எடைக்கணக்கு, வெளிக் குப்பையைச் சேர்த்தால் மாட்டிக்கொள்வார்கள். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அடுத்த பாட்டில் என் ஸ்கூட்டி டிக்கியில் இருக்கிறது. வண்டியில் மூன்றாவதாக ஒரு டப்பா வேண்டும் என்று எழுதிக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். இப்போது திடீரென்று எதற்கு, யாருக்காவது ஏதாவது ஆயிற்றா என்றுதான் முதல் கேள்வி வரும். ஆமாம் என்று எழுத வேண்டுமானால் அக்காவைக் கேட்க வேண்டும். இன்னும் கேட்கவில்லை.