அந்த 'ம்'

மூக்கு வழியாக உணவு செலுத்தும் குழாய் போடும்போது நோயாளி முரண்டு பிடிப்பது புதிதில்லை. சிங்கப்பூரில் தாதியாக நூறு பேருக்காவது போட்டிருப்பேன். கையைத் தட்டிவிடாதவர்கள் குறைவு. அதனால்தான் அந்த இரவை என் தவறு என்பதா, வழக்கமான ஒரு வேலை என்பதா என்று இன்றுவரை முடிவு செய்ய முடியவில்லை.

போபோவுக்கு, அந்தச் சீன மூதாட்டிக்கு, 88 வயது. விழுங்கும் சோதனையில் தேறவில்லை. ஒரு மிடறு தண்ணீர் கொடுத்தாலும் நுரையீரலுக்குப் போய்விடும் என்ற நிலை. மகன் தொலைபேசியில் சரி என்றார், மருத்துவர் எழுதிவிட்டார். நோயாளியிடமும் அவர் மொழியில் விளக்க வேண்டும். பதிவேட்டில் மொழி என்ற இடத்தில் 'சீனம்' என்று இருந்தது. மாலையில் அதை நிரப்பியதும் நான்தான். வடகிழக்குச் சீனாவின் ஹார்பினிலிருந்து வந்த தாதி ஒருவர் அன்றிரவு பணியில் இருந்தார், கெட்டிக்காரர். அவரைக் கூப்பிட்டேன்.

அவர் குனிந்து, சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் பொறுமையாக விளக்கினார். போபோ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ம் ஹோ, ம் ஹோ" என்றார்.

"என்ன சொல்றாங்க?"

"நல்லா இல்லைன்னு சொல்றாங்க. உடம்பு முடியல போல."

மூக்கு நுனியிலிருந்து காது மடல், அங்கிருந்து நெஞ்செலும்பின் கீழ்முனை என்று குழாயை வைத்து அளந்து அடையாளம் செய்தேன். ஜெல் தடவும்போது போபோ என் மணிக்கட்டின் மேல் இரண்டு விரல்களை வைத்தார். தள்ளவில்லை, பிடிக்கவும் இல்லை. வைத்தார், அவ்வளவுதான். மறுபடியும் "ம் ஹோ". நான் "ஓகே, ஓகே" என்று சொல்லிக்கொண்டே வேலையை முடித்தேன். முதல் முயற்சியிலேயே குழாய் சரியாக இறங்கியது. பிடுங்கிவிடாமல் இருக்க இரு கைகளிலும் துணியுறை மாட்டினோம். 'மொழிபெயர்ப்பு உதவியுடன் விளக்கப்பட்டது' என்று எழுதி, நேரம் 22.40 என்று குறித்தேன்.

காலையில் தரை துடைக்க வந்த ஆன்ட்டி, துடைப்பத்தை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். அவர் மலேசியாவின் ஈப்போக்காரர்.

"மிஸ்ஸி, இந்தப் போபோ வேண்டாம் வேண்டாம்னு சொல்லிக்கிட்டே இருக்காங்களே, என்ன வேண்டாமாம்?"

அப்போதுதான் போபோ பேசுவது, ஈப்போவிலும் புழங்கும் தென்சீன மொழியான காண்டனீஸ் என்பதே எனக்குத் தெரிந்தது. போபோ என்று கூப்பிட வேண்டும் என்பதும் அப்போதுதான். அதுவரை எல்லாச் சீன மூதாட்டிகளையும் கூப்பிடுவது போல 'ஆ மா' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அது ஹொக்கியன், தியோச்சியூ என்ற வேறு சீன மொழிகள் பேசும் வீடுகளின் சொல்.

பிறகு கேட்டுக் கேட்டுக் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். காண்டனீஸில் 'ம்' என்றால் எதிர்மறை. மாண்டரினில் அந்த இடத்தில் 'பூ' வரும். 'ஹோ'வும் மாண்டரினின் 'ஹாவ்'வும் ஒரே சொல்தான், நல்லது என்று பொருள். ஆக 'ம் ஹோ'வைத் துண்டு துண்டாக மாற்றினால் 'பூ ஹாவ்', அதாவது நன்றாக இல்லை. என் தோழியான அந்த ஹார்பின் தாதி செய்தது அதுதான். ஆனால் காண்டனீஸ்காரர் ஒருவர் தடுக்கும் தொனியில் 'ம் ஹோ' என்றால் 'வேண்டாம், செய்யாதே' என்று அர்த்தம். மாண்டரினில் அதற்கு 'பூ யாவ்' என்பார்கள். எழுத்து ஒன்றுதானே என்பார்கள் சிலர். எழுதப்படும் பொதுச் சீனம் மாண்டரினை ஒட்டியது. காண்டனீஸ்காரர் அதைத் தன் உச்சரிப்பில் படிப்பார், ஆனால் பேசுவது அப்படி இல்லை. போபோவுக்கு எந்த எழுத்துமே படிக்கத் தெரியாது.

தோழியைக் கேட்டபோது, "அது வட்டார வழக்குதானே, பாதி புரியும்னு நினைச்சேன்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நெல்லைத் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் மாதிரி என்று. தமிழும் மலையாளமும் என்று வைத்தாலும் போதாது. மாண்டரினில் தொனி நான்கு, காண்டனீஸில் ஆறு. மாண்டரின் இழந்துவிட்ட ப், த், க், ம் முடிவுகள் காண்டனீஸில் அப்படியே நிற்கின்றன. தெற்கு என்பதற்குக் காண்டனீஸில் 'நாம்', மாண்டரினில் 'நான்'. இதை முதலில் கேட்டபோது எனக்கு மெய் சிலிர்த்தது.

சிங்கப்பூரில் இதைத் தெரியாமல் இருப்பது எளிது. 1979இல் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கியபின், வட்டார மொழிகள் என்று பெயரிடப்பட்டவை வானொலியிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் எடுக்கப்பட்டன. ஹாங்காங் நாடகங்கள்கூட மாண்டரின் குரலில்தான் வந்தன. போபோவின் பேரப்பிள்ளைகள் மாண்டரினும் ஆங்கிலமும் பேசினார்கள். பாட்டியோடு சிரித்துக் கையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். 2020 கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசுவது சீன வட்டார மொழி என்றவர்கள் 8.7 விழுக்காடு. தமிழ் 2.5தான். ஆனால் தமிழுக்குப் படிவத்தில் தனிக் கட்டம் இருக்கிறது.

இதையெல்லாம் என் பக்க நியாயமாகச் சொல்லிக்கொள்ளலாம். படிவம் அப்படி, ஊர் அப்படி, இரவு நேரம், குழாய் அவசியம். ஆனால் அதற்கு முந்தின மாதம்தான், "நீ இந்தியர்தானே" என்று என்னைத் தெலுங்கு மட்டும் தெரிந்த தொழிலாளி ஒருவரின் படுக்கைக்கு அனுப்பினார்கள் என்று பொரிந்து தள்ளியிருந்தேன். அந்தச் சூடு ஆறுவதற்குள் நான் 'சீனம்' என்று எழுதியிருக்கிறேன்.

இன்னொன்று, அதைவிடக் கஷ்டமானது. நம் வாயில் 'ம்' என்றால் சம்மதம். கதை கேட்கும் பிள்ளை கொட்டுகிற 'ம்'. போபோ சொன்னபோது என் காதுக்கு அந்த 'ம்' இதமாக இருந்தது என்பது உண்மை. அது என்னை முன்னே தள்ளியது என்றுகூடச் சில நாள் நம்பினேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. மணிக்கட்டில் இருந்த விரல்கள் எந்த மொழியில் பேசின? அதற்கு ஹார்பினிலிருந்தோ ஈப்போவிலிருந்தோ ஆள் வர வேண்டியதில்லையே. எனக்குப் புரிந்திருந்தது. பக்கத்தில் ஒருவர் மொழிபெயர்த்துச் சொன்னதால், புரிந்ததை ஒதுக்கிவைக்க எனக்கு வழி கிடைத்தது. அப்படியானால் நான் இத்தனை ஆர்வமாகக் காண்டனீஸ் கற்றுக்கொண்டது எதற்கு என்று தெரியவில்லை.

ஆனாலும் கற்றதை விடவில்லை. மொழிக் கட்டத்துக்குப் பக்கத்தில் காண்டனீஸ், ஹைனனீஸ் என்று கேட்டு எழுதுகிறேன். வேண்டாம் என்று புரிந்திருந்தால் போடாமல் விட்டிருப்பேனா? மகனை மறுபடி அழைத்திருப்பேன், காலைவரை காத்திருக்கச் சொல்லியிருப்பேன். அதற்குமேல் தெரியாது. அந்தக் குழாயால்தான் அவர் தேறினார்.

11ஆம் நாள் விழுங்கும் திறன் கொஞ்சம் திரும்பியது. துணியுறைகளைக் கழற்றி, பிளாஸ்திரியைப் பிரித்து, நானே குழாயை எடுத்தேன். போபோ முகத்தைத் துடைத்துக்கொண்டு "ம் கோய்" என்றார். மறுபடி அந்த 'ம்'. வேண்டாத எதையோ செய்துவிட்டேனோ என்று திரும்பி ஆன்ட்டியைப் பார்த்தேன்.

"நன்றி சொல்றாங்க, மிஸ்ஸி. டீ வந்தாக்கூட அப்படித்தான் சொல்வோம்."

போபோவின் இரண்டு விரல்களும் அன்றைக்கும் என் மணிக்கட்டின் மேல்தான் இருந்தன.